இரண்டாவது பாலம்: பள்ளி வகுப்பறைக்குப் பொறியியலைக் கொண்டு செல்லும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்தபோது, வட சென்னையில் ஒரு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்புக்கு நாங்கள் ஐந்து பேர் போயிருந்தோம். செய்தித்தாளைச் சுருட்டிப் பாலம் கட்டுவது பாடம். அரை மணி நேரம் நாங்கள் விளக்கினோம். பிள்ளைகள் கட்டினார்கள். மணலை ஏற்ற ஏற்ற, பாலங்கள் ஒவ்வொன்றாக மடிந்து விழுந்தன. வகுப்பே ஆரவாரித்தது. கடைசி பெஞ்சில் இருந்த ஒரு சிறுமி மட்டும் மடிந்த பாலத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு முறை கட்டட்டுமா அண்ணா? எங்கே மடிந்தது என்று தெரிந்துவிட்டது" என்றாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

அவள் கேட்ட அந்த இன்னொரு முறைதான் பொறியியல். கட்டியது எங்கே தோற்றது என்று பார்த்து, காரணத்தை ஊகித்து, மாற்றிக் கட்டிப் பார்ப்பது. அதற்கு நேரம் ஒதுக்காத வகுப்பு, எத்தனை கைத்தட்டல் வாங்கினாலும், வேடிக்கை காட்டியதாகவே முடியும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த இரண்டாவது முயற்சிக்கு இடம் உண்டாக்குவதற்கானது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஒரே ஒரு பள்ளியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஆண்டுக்கு இருபது பள்ளி என்று கணக்குக் காட்டும் ஆசை எல்லா மாணவர் மன்றங்களுக்கும் உண்டு. அதை விட்டுவிடுங்கள். ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஓராண்டில் 4 வருகை. முதல் வருகையில் பிள்ளைகள் உங்களைப் பார்ப்பார்கள். இரண்டாவதில்தான் பாடத்தைப் பார்ப்பார்கள். கல்லூரியிலிருந்து நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போகக்கூடிய பள்ளியாக இருக்கட்டும். இரண்டு பஸ் மாற வேண்டிய பள்ளிக்கு, மழைக்காலத்தில் உங்கள் குழுவில் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

சென்னையில் "அரசுப் பள்ளி" என்று பொதுவாகச் சொல்லப்படுபவற்றில் சில மாநகராட்சி நடத்துபவை, மற்றவை பள்ளிக் கல்வித் துறையின் நேரடிப் பொறுப்பில் உள்ளவை. இவற்றோடு அரசு உதவி பெறும் பள்ளிகளும் இருக்கின்றன. அனுமதி கேட்க வேண்டிய இடம் ஒவ்வொன்றுக்கும் வேறு. மாநகராட்சிப் பள்ளிக்கு மாநகராட்சியின் கல்வித் துறை. துறைப் பள்ளிக்கு முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகம். உதவி பெறும் பள்ளிக்குத் தாளாளர். எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டியவர் தலைமை ஆசிரியர். அவருக்கு விருப்பம் இருந்தால் எந்த அலுவலகத்தில், யாரிடம், எப்படிக் கடிதம் கொடுப்பது என்று அவரே சொல்லிவிடுவார். விருப்பம் இல்லையென்றால் மேலிடத்து உத்தரவோடு போய் நிற்காதீர்கள். உத்தரவுக்காகத் திறக்கப்பட்ட வகுப்பறையில் எதுவும் முளைக்காது.

கடிதத்தைத் தமிழில், கல்லூரியின் கடிதத்தாளில், ஒரு பேராசிரியரின் கையொப்பத்தோடு எழுதுங்கள். எந்த வகுப்பு, எத்தனை பாடவேளை, என்னென்ன பொருட்கள், வருபவர்களின் பெயர்கள், பிள்ளைகளிடம் பணம் வாங்க மாட்டோம் என்ற உறுதி ஆகிய ஐந்தும் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருப்பவர்கள் அதன் திட்ட அலுவலர் வழியாகப் போவது எளிது. ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவையில் இந்தப் பணியையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நாள்காட்டியைப் பார்த்த பிறகு வாக்குக் கொடுங்கள்

பள்ளி ஜூனில் திறக்கிறது. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, மார்ச்சிலிருந்து பொதுத்தேர்வுகள். உங்கள் கல்லூரியின் பருவத் தேர்வு நவம்பர், டிசம்பரில் வரும். அக்டோபர் பாதியிலிருந்து வடகிழக்குப் பருவமழை. எந்த நாள் விடுமுறை அறிவிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு நாள்காட்டிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மிஞ்சுவது ஜூலை, ஆகஸ்ட் மாதங்களும் பொங்கலுக்குப் பின் பிப்ரவரி வரையிலான வாரங்களும்தான். நான்கு வருகைகளையும் இந்த இரண்டு இடைவெளிகளில் அடக்குங்கள்.

வகுப்பு ஏழோ எட்டோ இருக்கட்டும். பத்தாம் வகுப்பைக் கேட்காதீர்கள், கொடுக்கவும் மாட்டார்கள். 40, 45 நிமிடப் பாடவேளை ஒன்றில் இரண்டாவது முயற்சி நடக்கவே நடக்காது. எனவே அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகளைக் கேளுங்கள். ஒன்றுதான் கிடைக்கும் என்றால், ஒரே பாடத்தை அடுத்தடுத்த இரண்டு நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போனால் அது இன்னும் நல்லது. இரவெல்லாம் பாலத்தைப் பற்றி யோசித்துவிட்டு வரும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பாடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி

உங்களுக்கு எது பெருமையோ அதைக் கொண்டு போகாதீர்கள். ரோபோவும் டிரோனும் பிள்ளைகளை வாய் பிளக்க வைக்கும். ஆனால் அதில் ஒரு திருகாணியைக்கூட அவர்களால் மாற்ற முடியாது. நான் வைத்துக்கொள்ளும் சோதனைகள் மூன்று. பிள்ளை கட்டியது அதன் கண்ணெதிரே தோற்க வேண்டும். ஏன் தோற்றது என்பது கண்ணால் பார்த்தே தெரிய வேண்டும். இருபது நிமிடத்தில் மறுபடி கட்ட முடிய வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்தப் பாடத்தை ஒதுக்கிவிடுவேன்.

அந்த வகுப்பின் அறிவியல் பாடநூலை ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2022இல் தொடங்கிய, செய்து பார்த்து அறிவியலும் கணிதமும் கற்கும் திட்டமான வானவில் மன்றத்தின் வழியாக ஏற்கெனவே சில செய்முறைகள் நடந்திருக்கலாம். எவை நடந்தன என்று அறிவியல் ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் தொடர்ச்சியாக உங்கள் பாடத்தை அமையுங்கள்.

சொற்கள்

நம்மில் பலர் நான்காண்டுகள் ஆங்கிலத்திலேயே பொறியியலைப் படித்தவர்கள். கரும்பலகை முன் நின்றதும் தமிழ்ச் சொல் வராமல் தடுமாறுவோம். ஒவ்வொரு பாடத்துக்கும் பத்துச் சொற்களை எழுதி மனப்பாடம் செய்யுங்கள். விசை, சுமை, உராய்வு, நெம்புகோல், மின்சுற்று, மின்கலம் ஆகியவை பாடநூலிலேயே இருக்கின்றன. இழுவிசை, அமுக்கவிசை போன்றவற்றைக் கையால் செய்து காட்டிய பிறகு பெயர் சொல்லுங்கள். பெயர் முதலில் வந்தால் அது தேர்வுக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னொரு சொல்லாகிவிடும்.

வீட்டிலிருந்து வரும் சொற்களுக்கும் காது கொடுங்கள். கட்டட வேலைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைக்குச் சாரம், சென்ட்ரிங், கம்பி கட்டுதல் எல்லாம் தெரியும். மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுப் பிள்ளைக்கு முடிச்சைப் பற்றியும் கப்பியைப் பற்றியும் உங்களைவிட நன்றாகத் தெரியும். அவர்களைப் பேசவிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழுவும் ஒத்திகையும்

40 பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு 6 பேர் போதும். பிள்ளைகள் நால்வர் கொண்ட 10 குழுக்கள். உங்களில் ஒருவர் வகுப்பை நடத்த, மற்ற ஐவரும் ஆளுக்கு இரண்டு குழுக்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொள்வது என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது. பிள்ளை திணறும்போது வாங்கிச் செய்துகொடுத்துவிட நம் கை துடிக்கும். அதைக் கட்டுப்படுத்தப் பழகுவதற்காகவே ஒத்திகை தேவை. விடுதி அறையில் முதலாண்டு மாணவர்களை உட்கார வைத்து, கடிகாரத்தை வைத்து, வகுப்பை முழுதாக ஒரு முறை நடத்திப் பாருங்கள். உங்கள் விளக்கம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரியும். அதைப் பாதியாக வெட்டுங்கள். பிறகு இன்னொரு முறை பாதியாக வெட்டுங்கள்.

பாலம்: வகுப்பின் 80 நிமிடங்கள்

தேவையானவை எளியவை: பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் வாங்கிய செய்தித்தாள், செலோடேப், கத்தரிக்கோல், கயிறு, ஒரு வாளி மணல், ஒரு தம்ளர், மஞ்சப்பைகள். எல்லாவற்றிலும் முக்கியமானது, தாளையும் டேப்பையும் இரண்டு மடங்கு வாங்குவது. அவற்றை இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். இரண்டாவது பை, இரண்டாவது பாலத்துக்கு. முதல் பாதியில் அது கண்ணில் படவே கூடாது, பட்டால் கரைந்துவிடும்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒற்றைப் பக்கத் தாள் 8, செலோடேப் 1 மீட்டர். டேப்பை முன்பே வெட்டி மேசை விளிம்பில் ஒட்டிவிடுங்கள். உருளையை அப்படியே கொடுத்தால் பிள்ளைகள் தாளை விட்டுவிட்டு டேப்பாலேயே பாலம் கட்டிவிடுவார்கள். இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவில் 45 சென்டிமீட்டர் இடைவெளி. பாலத்தைப் பெஞ்சோடு ஒட்டக் கூடாது. நடுவில் கயிற்றால் மஞ்சப்பையைத் தொங்கவிட்டு, தம்ளர் தம்ளராக மணல் போட வேண்டும். பை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் தொங்க வேண்டும். விழுந்தாலும் கால் நசுங்காது.

சுமைக்கு நாங்கள் முதலில் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களைத்தான் அடுக்கினோம். பாலம் ஒடிந்து புத்தகங்கள் சரிந்ததும், எல்லாரும் விளையாட்டை மறந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அதன் பிறகுதான் மணலுக்கு மாறினோம். ஒரு தம்ளர் மணலை மளிகைக் கடைத் தராசில் ஒரு முறை நிறுத்துக்கொண்டால், மீதி பெருக்கல் கணக்கு. அதைப் பிள்ளைகளே போடட்டும்.

முதல் 5 நிமிடம் கேள்வி மட்டும்: "இந்தத் தாளால் ஒரு பை மணலைத் தாங்க முடியுமா?" தட்டையாக ஒரு தாளைப் பெஞ்சுகளின் மேல் போட்டுக் காட்டுங்கள், தன் எடையையே தாங்காமல் தொய்ந்து விழும். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அடுத்த 5 நிமிடம் ஒவ்வொரு குழுவும் தன் பாலத்தை நோட்டில் வரையட்டும். பிறகு 15 நிமிடம் கட்டட்டும். மூலையிலிருந்து பென்சிலில் சுற்றி இறுக்கமாகச் சுருட்டினால், குறுக்கு மூலை அளவுக்கு, 60 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள உறுதியான குழல் கிடைக்கும். இதைப் பெரும்பாலும் யாராவது ஒரு பிள்ளை தானாகவே கண்டுபிடிக்கும். ஒரு குழு கண்டுபிடித்தால் வகுப்பு முழுவதும் பரவிவிடும். அதைத் தடுக்காதீர்கள், இங்கே பார்த்துச் செய்வது குற்றமில்லை.

10 நிமிடம் சோதனை. பாலம் மடியும் நொடியில் எல்லாரும் மணலையும் எண்ணிக்கையையும் பார்ப்பார்கள். நீங்கள் மடிந்த இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். "மேல்புறம் சுருங்கியதா, கீழ்ப்புறம் கிழிந்ததா?" இதுதான் இந்த வகுப்பின் உயிர்க்கேள்வி. ஏறத்தாழ எல்லாப் பாலங்களிலும் மேல்புறம் சுருங்கியிருக்கும். கீழே கிழிந்தது அரிது. ஒரு தாள் துண்டை இரு முனையிலும் பிடித்து நேராக இழுக்கச் சொல்லுங்கள், எளிதில் அறாது. அதே துண்டை முனைகளிலிருந்து உள்நோக்கித் தள்ளச் சொல்லுங்கள், உடனே மடியும். சுமை ஏறியதும் பாலத்தின் மேல்புறம் தள்ளப்படுகிறது, கீழ்ப்புறம் இழுக்கப்படுகிறது என்று இப்போது சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்கும். இழுவிசை, அமுக்கவிசை என்ற பெயர்களையும் இங்கே சொல்லுங்கள்.

ஒரு முறை இந்த இடத்தில் ஒரு பையன், "அப்பா கம்பி கட்டும்போது பீமுக்கு அடிப்பக்கம்தான் பெரிய கம்பி வைப்பார்" என்றான். எவ்வளவு பெரிய செய்தி அது! காங்கிரீட்டின் குணம் தாளுக்கு நேர் எதிரானது. அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். அதனால்தான் இழுவிசை வரும் அடிப்பக்கத்தில் கம்பி. அந்தப் பையனை எழுந்து நின்று வகுப்புக்கு அதை விளக்கச் சொன்னோம். பாடநூலில் இல்லாத ஒன்றை அவன் வகுப்புக்குக் கற்றுக்கொடுத்தான்.

இதையடுத்து முக்கோணம். துடைப்பத்து ஈர்க்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளையும் இணைத்து ஒரு சதுரம் செய்து கையில் கொடுங்கள், தள்ளினால் சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை ஒரு குச்சி சேர்த்தால் அசையாது. தீக்குச்சியையும் வால்வு டியூபையும் கொண்டு இப்படி வடிவங்கள் செய்யும் முறையை நாடெங்கும் பரப்பியவர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்துவிட்டுக் குப்பையிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்யும் பணியை ஏற்றுக்கொண்ட அரவிந்த் குப்தா. அவரைப் பற்றி ஒரு நிமிடம் சொல்லலாம். சவுக்குக் கழியில் சாரம் கட்டும்போது ஒரு கழியை ஏன் சாய்வாகக் கட்டுகிறார்கள், மின்கோபுரம் முழுக்க ஏன் முக்கோணங்களாக இருக்கின்றன என்று கேளுங்கள். கூவம் கடலில் சேரும் இடத்தில் நிற்கும் நேப்பியர் பாலத்தைப் பலரும் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பார்கள். மேலே வளைந்து நிற்கும் வில் அமுக்கவிசையைத் தாங்குகிறது. அந்த வில் விரிந்துவிடாமல் கீழே நாண் போல் இழுத்துப் பிடித்திருப்பது பாலத்தின் தளம்.

இந்தப் பேச்சு மொத்தம் 12 நிமிடம். அதற்கு மேல் போனால் நிறுத்திவிடுங்கள். இப்போது இரண்டாவது பை வெளியே வரட்டும். 18 நிமிடம் கட்ட, 10 நிமிடம் சோதிக்க. இந்தச் சுற்றில் வகுப்பின் ஒலியே மாறும். கூச்சல் குறையும், குனிந்த தலைகளும் சிறு வாக்குவாதங்களும் இருக்கும். நீண்ட குழலை நடுவில் தாங்குக் குச்சி கொடுத்து இரண்டு குட்டைக் குழல்களைப் போல ஆக்கும் குழு ஒன்று கட்டாயம் இருக்கும். மெல்லிய தூண் ஒன்றின் நீளம் இரட்டிப்பானால், வளையாமல் அது தாங்கும் சுமை நான்கில் ஒரு பங்காகிவிடும். 18ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் ஆய்லர் வகுத்த விதி இது. அதன் சாரத்தை அந்தக் குழு கையால் கண்டுபிடித்திருக்கிறது. அதை அவர்களிடம் சொல்லுங்கள்.

மிச்சமுள்ள 5 நிமிடத்தில் நோட்டில் மூன்று வரிகள்: எங்கே மடிந்தது, எதை மாற்றினோம், இப்போது எத்தனை தம்ளர். பரிசு கொடுப்பதாக இருந்தால், அதிகச் சுமை தாங்கிய பாலத்துக்குக் கொடுக்காதீர்கள். முதலாவதைவிட இரண்டாவது எவ்வளவு முன்னேறியது என்று பார்த்துக் கொடுங்கள்.

இரண்டு சென்னைக் குறிப்புகள். மின்விசிறி ஓடினால் செய்தித்தாள் பாடம் நடக்காது. நிறுத்தினால் ஜூலை வெயிலில் பிள்ளைகள் வெந்துபோவார்கள். காலை முதல் பாடவேளைகளைக் கேளுங்கள், அல்லது காற்று அதிகமில்லாத தாழ்வாரத்தில் நடத்துங்கள். மழைக்காலத்தில் தாள் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும். ஒத்திகையில் நின்ற பாலம் வகுப்பில் நிற்காது. தாளை இறுக்கமாக மூடிய டப்பாவில் கொண்டு போங்கள்.

அடுத்த வருகைக்கு: தொட்டி நிரம்பினால் ஒலிக்கும் மணி

மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, மொட்டை மாடியில் தண்ணீர் வழிவதைப் பார்க்காத பிள்ளை இந்த ஊரில் இல்லை. 2019 கோடையில் ஏரிகள் வற்றி, குடத்தோடு லாரிக்காகக் காத்திருந்த ஊர் இது. எனவே இந்தப் பாடத்துக்கு முன்னுரையே தேவையில்லை.

ஒரு பிளாஸ்டிக் குவளை, தெர்மகோல் துண்டு, ஈர்க்குச்சி, அலுமினியத் தாள், ஒயர், 2 பென்சில் செல், ஒரு பஸர். தெர்மகோல் மிதந்து மேலே வரும்போது அதன் மேலுள்ள அலுமினியத் தாள் இரண்டு ஒயர் முனைகளையும் தொட்டு இணைக்க வேண்டும், பஸர் ஒலிக்கும். மின்பொருட்களை ரிச்சி தெருவில் வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். 3 வோல்ட்டில் ஒலிக்கும் பஸர் என்று சொல்லிக் கேட்டு, கடையிலேயே இரண்டு செல் வைத்து ஒலிக்கவிட்டு வாங்குங்கள். பஸருக்கு நேர், எதிர் முனை உண்டு. மாற்றி இணைத்தால் ஒலிக்காது. அதை முன்கூட்டியே சொல்லாமல், பிள்ளைகள் கண்டுபிடிக்க விடலாம்.

இங்கே முதல் முயற்சி எப்படித் தோற்கும் என்றால், மிதவை ஒரு பக்கம் சாய்ந்து குவளைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அல்லது தாள் ஒரு முனையை மட்டும் தொடும். இரண்டாவது முயற்சியில் யாராவது ஈர்க்குச்சியை உறிஞ்சுகுழலுக்குள் விட்டு வழிகாட்டித் தண்டு செய்வார்கள். சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போடும் பென்சில் செல்லே போதும். பொத்தான் அளவுள்ள வட்டச் செல்லை வகுப்புக்குள் கொண்டு வராதீர்கள். ஒரு குழந்தை அதை விழுங்கினால் உணவுக்குழாயே வெந்துவிடும். பிள்ளைகள் அதை வீட்டுக்கு எடுத்துப் போனால், அங்கே கைக்குழந்தையும் இருக்கலாம்.

கட்டாயம் பின்பற்ற வேண்டியவை

பிளேடும் சூட்டுப் பசைத் துப்பாக்கியும் உங்கள் கையைவிட்டுப் போகக் கூடாது. சுவர் மின்சாரத்தோடு எந்தப் பாடமும் வேண்டாம். ஆசிரியர் வகுப்பில் இல்லாத நேரத்தில் வகுப்பை நடத்தாதீர்கள். தனியாக ஒரு பிள்ளையோடு அறையில் இருக்காதீர்கள். அலைபேசி எண் வாங்குவதும் கொடுப்பதும் கூடாது. பள்ளியின் அனுமதியில்லாமல் பிள்ளைகளின் முகம் தெரியும் படம் எதையும் எங்கும் போடாதீர்கள். ஒரு பிள்ளை தனக்கு நேரும் கொடுமையைப் பற்றிச் சொன்னால், ரகசியமாக வைத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுக்காமல், தலைமை ஆசிரியரிடமோ குழந்தைகள் உதவி எண் 1098இலோ தெரிவியுங்கள்.

இன்னொன்றும் எனக்கு முக்கியம். கலந்த குழுக்களில் கத்தரிக்கோல் பையன்கள் கையிலும் நோட்டுப் பெண்கள் கையிலும் போய்ச் சேர்ந்துவிடும். யாரும் திட்டமிடாமலே இது நடக்கும். இரண்டாவது முயற்சியில் வேலைகளை மாற்றியே தீர வேண்டும் என்று விதி வையுங்கள்.

ஆசிரியரும், நீங்கள் போன பிறகும்

அறிவியல் ஆசிரியர் உங்களுக்கு இடம் கொடுத்துவிட்டு ஓரமாக உட்காருபவர் அல்லர். ஒவ்வொரு பாடத்தையும் முதல் நாள் அவரோடு உட்கார்ந்து செய்து பாருங்கள். எந்தப் பிள்ளை வாயே திறக்காது, யாருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வகுப்பு முடிந்ததும் மிச்சப் பொருட்களை ஒரு டப்பாவில் போட்டு, தமிழில் ஒரு பக்கக் குறிப்பும் வைத்து, அவரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு நீங்கள் போகாவிட்டாலும் அவர் நடத்துவார்.

நான்காவது வருகையைப் பள்ளியில் வைக்காமல், பிள்ளைகளை உங்கள் கல்லூரிக்கு அழைத்து வாருங்கள். கட்டுமானத் துறையின் ஆய்வகத்தில் காங்கிரீட் கட்டியை இயந்திரம் நசுக்கும் காட்சி ஒன்று போதும். தங்கள் மணல் பையை அவர்களே நினைத்துக்கொள்வார்கள். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரி இதே ஊரில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் தினமும் போகிறவர்களின் பிள்ளைகளில் எத்தனை பேர் அதன் வாசலுக்குள் கால் வைத்திருப்பார்கள்? அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 2021 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருப்பதையும், பிள்ளைகளோடு வரும் பெற்றோரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

முதல் மூன்று வருகைகளிலும், வகுப்பைவிட்டுக் கிளம்பும் முன் கரும்பலகையின் மூலையில் அடுத்த வருகையின் தேதியை எழுதுங்கள். அதை அழிக்க வேண்டாம் என்று வகுப்புத் தலைவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.